சக்காயில் கத்தி வாங்குவதென்றால் அலைக்கோலத்தை விடுங்கள், கூரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியது 180 மில்லிமீட்டர் சாந்தோகு. ஜப்பானிய வீடுகளில் காய், மீன், எலும்பில்லாத கறி எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருக்கும் கத்தி அது. நடுவில் ஷிரோகாமி 2 என்ற கார்பன் எஃகு, இரண்டு பக்கமும் மெல்லிரும்பு, ஹோ என்கிற மக்னோலியா மரத்தில் எண்கோணப் பிடி, பிடியின் கழுத்தில் எருமைக் கொம்புப் பூண். ஒசாகாவை ஒட்டித் தெற்கே இருக்கும் சக்காய் நகரத்தில் அடித்து, அங்கேயே தீட்டி, அங்கேயே பிடி போட்ட கத்தி. விலை 20,000 யென்னுக்குக் கொஞ்சம் கீழே. தினமும் காய் நறுக்குகிற வீட்டில் இந்தப் பணத்துக்கு இதைவிட உருப்படியான சமையல் சாமான் வாங்க முடியாது என்பது என் முடிவு. ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். தீட்டுக்கல்லையும் சேர்த்து வாங்கி, மாதத்தில் ஓரிரு முறை அதன்முன் உட்கார மனமிருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன். கல் வாங்காமல் கத்தியை மட்டும் வாங்கினால் ஆறு மாதத்தில் அது மலிவுக் கடைக் கத்தி மாதிரி மழுங்கிப்போய் மூலையில் கிடக்கும், அப்புறம் ஜப்பான் கத்தி என்றால் சும்மா பெயர்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஜப்பானில் கத்தி செய்யும் ஊர்கள் நிறைய. ஃபுக்குயி மாநிலத்தில் எச்சிசென், கிஃபுவில் செக்கி, நீகாத்தாவில் சன்ஜோ, ஷிக்கோக்கு தீவில் தோசா. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நான் சக்காயைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம், ஒசாகாவில் இருக்கும் எனக்கு அது பக்கம், ஏதாவது ஆனால் திரும்பப் போய்க் கேட்கலாம். இரண்டாவது, அங்கே வேலை நடக்கும் விதம். ஒரே ஆள் முதலிலிருந்து முடிவு வரை செய்வதில்லை. கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடித்து, வடிவம் கொடுத்து, தோய்ச்சல் வைத்து, அதாவது சூடேற்றித் தண்ணீரில் இறக்கிக் கடினமாக்கி, அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. அந்தக் கரடுமுரடான தகடு தீட்டுபவரின் பட்டறைக்குப் போகும். அவர் பெரிய சக்கரக் கல்லில் நீர் ஊற்றித் தேய்த்து மெல்லிதாக்கி, வளைவை நேராக்கி, கூர் கொடுப்பார். பிடி போடுவது இன்னொரு கை. ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள். கத்தி வாங்குபவர்கள் எல்லோரும் கொல்லரைப் பற்றியே பேசுவார்கள், நெருப்பும் பொறியும் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் வீட்டில் வெங்காயத்தை நறுக்கும்போது உங்கள் கைக்குத் தெரிவது பெரும்பாலும் தீட்டுபவரின் வேலைதான். இதை வாங்கும் முன்பே மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

இந்த ஊருக்கு இரும்பு வேலை நேற்று வந்ததல்ல. 5ஆம் நூற்றாண்டில் அங்கே எழுப்பிய சாவித்துளை வடிவ அரச சமாதி மேடுகள் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அந்த மண்ணை வெட்டக் கருவி செய்ய வந்த கொல்லர்களிடமிருந்துதான் தொழிலே தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கியும் புகையிலையும் வந்தபோது சக்காய் இரண்டையும் பிடித்துக்கொண்டது. துப்பாக்கிக் குழலும் இங்கே செய்தார்கள், புகையிலையை நூலிழையாக அரியும் கத்தியும் இங்கே செய்தார்கள், அந்தக் கத்திக்குப் பின்னாளில் ஜப்பானை ஆண்ட எடோ அரசே தரமுத்திரை கொடுத்தது. சைக்கிள்காரர்களுக்கு ஷிமானோ கியர் தெரியாமல் இருக்காது. அந்த நிறுவனம் 1921இல் தொடங்கியதும் சக்காயில்தான், தலைமையகம் இன்றும் அங்கேதான். 1982இல் ஜப்பான் அரசு சக்காயின் அடித்த கத்திகளைப் பாரம்பரியக் கைவினை என்று அறிவித்தது. எச்சிசென் கத்திகளுக்கு அதற்கு முன்பே, 1979இல், அந்தத் தகுதி கிடைத்துவிட்டது.

ஒசாகாவிலிருந்து போகிறவர்கள் ஹன்காய் டிராமில் போங்கள். வீட்டு வாசல்களை உரசுகிற மாதிரி மெதுவாகப் போகும், பழைய சக்காய்க்குள்ளேயே இறக்கிவிடும். மியோகொகுஜி கோயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சக்காய் தென்ஷோகான் என்று ஒரு காட்சியகம் இருக்கிறது. கத்தி, ஊதுபத்தி, சாயம் தோய்த்த துணி என்று அந்த ஊரின் கைவினை எல்லாம் ஒரே இடத்தில். நான் எல்லோருக்கும் சொல்வது, கடைக்குப் போகும் முன் முதலில் இங்கே போய்விடுங்கள் என்பதுதான். பல பட்டறைகளின் கத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்தக் கடையின் பேச்சும் காதில் விழாமல், நிதானமாக, மீன் வெட்டும் தேபா எவ்வளவு தடிமன், மீனைச் சீவும் யானகிபா எவ்வளவு நீளம், வீட்டுக்கு வேண்டிய கத்தி எது என்று கண்ணால் பழகிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கத்தியின் பக்கவாட்டில் வெட்டியிருக்கும் பெயர் பெரும்பாலும் அதை அடித்தவருடைய பெயர் அல்ல, அதை விற்கும் மொத்த வியாபாரியின் பெயர். சக்காயில் கொல்லரையும் தீட்டுபவரையும் சேர்த்து வைத்து, பிடி போட்டு, பெயர் பொறித்து விற்பது அந்த வியாபாரிகள்தான். ஒரே கொல்லரின் தகடு மூன்று கடையில் மூன்று பெயரில், மூன்று விலையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. இது ஏமாற்று இல்லை, ஊரின் பழைய ஏற்பாடு. ஆனால் நீங்கள் கேட்கலாம், யார் அடித்தது, யார் தீட்டியது என்று. முன்பெல்லாம் சொல்ல மாட்டார்களாம், இப்போது நிறையக் கடைகள் பெருமையாகவே சொல்கின்றன. தனாகா யோஷிகாசு, நகாகவா சதோஷி போன்ற கொல்லர்களின் பெயரைச் சொல்லித் தேடி வருபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அந்தப் பெயருக்குத் தனி விலையும் உண்டு. முதல் கத்திக்கு அந்த அளவு போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். நான் வாங்கிய கத்தியை அடித்தவர் பெயர் கேட்டதும் சொன்னார்கள், தீட்டியவர் யார் என்று கேட்டபோதுதான் கடைக்காரர் முகம் மலர்ந்தது. அதைக் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது.

சரி, கடையில் என்ன பார்ப்பது? முதலில் கத்தியை எடுக்கலாமா என்று கேளுங்கள். கார்பன் எஃகில் விரல்பட்ட இடமே துருப்பிடிக்கும், அதனால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். பிடியைப் பிடித்துக் கத்தியைக் கண்ணுக்கு நேராக நீட்டி, முதுகு நேராக ஓடுகிறதா, முனைப் பக்கம் ஒருபுறமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு கத்தியைத் திருப்பி, பிடிக்கு அருகே கூர் முடியும் அடிமூலையைப் பின்னாலிருந்து பாருங்கள். இதுதான் முக்கியம். முதுகிலிருந்து கூர் வரை ஒரு நீண்ட ஆப்பு மாதிரி மெலிந்துகொண்டே வர வேண்டும். கூருக்குச் சற்று மேலேயே தடித்து நின்றால், எவ்வளவு கூராக இருந்தாலும் கேரட்டில் பாதி இறங்கியதும் அது வெட்டாது, பிளக்கும். டக் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது பிளக்கிற சத்தம். கூர் போனால் ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்துவிடலாம். தடிமன் தவறாக இருந்தால் அதைச் சரிசெய்வது வீட்டில் ஆகிற காரியம் இல்லை. அப்புறம், கத்தியின் கூர் பலகைமேல் படும்படி வைத்து எதிரே வெளிச்சம் பார்த்தால் நடுவில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். இடைவெளி இருந்தால் வெங்காயத்தாள் அறுபடாமல் சங்கிலியாகத் தொங்கும்.

அலைக்கோலத்தைப் பற்றி. வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான். பக்கவாட்டில் நீர் அலைபோல ஓடும் அந்தக் கோலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வெளி அடுக்கு. வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு, அது சாதாரணக் கத்தியிலும் அதேதான். நான் முதலில் நுழைந்த ஒரு கடையில் எத்தனை அடுக்கு, எத்தனை அடுக்கு என்றே பேசினார்கள். நடுவில் இருப்பது என்ன எஃகு என்று நான் இரண்டு முறை கேட்டபிறகுதான் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன். அடுக்குகளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒரு நல்ல தீட்டுக்கல்லின் விலையைத் தாண்டும், அதுவும் வீட்டில் தீட்டத் தொடங்கியதும் அந்தக் கோலத்தில்தான் முதல் கீறல் விழும். இணைய விளம்பரங்களில் ஜப்பானியப் பெயர் ஒட்டி, லேசரில் அலை பொறித்து, பாதி விலைக் கழிவு என்று கூவி விற்கும் கத்திகளுக்கும் இந்த ஊர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதில் பணத்தை விட்டுவிடாதீர்கள்.

எஃகைப் பொறுத்தவரை கடைகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் பெயர்கள் நான்கைந்துதான். ஷிரோகாமி கிட்டத்தட்டச் சுத்தமான கார்பன் எஃகு. 2ஆம் எண் என்றால் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம். அவோகாமி என்பது அதில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்த்தது, கூர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், தீட்ட இன்னும் கொஞ்சம் நேரமாகும். இரண்டும் ஷிமானே மாநிலத்து யாசுகி நகரில் உருக்குவது, ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்றிருந்த அந்த நிறுவனத்தின் பெயர் 2023இல் புரோடீரியல் என்று மாறியது. இரண்டும் துருப்பிடிக்கும். துருவுக்குப் பயந்தவர்களுக்கு வீஜி10 இருக்கிறது, எச்சிசென்னில் தக்கேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் செய்யும் துருப்பிடிக்காத வகை. அப்புறம் கின்சான். இதுவும் துரு எளிதில் ஏறாத எஃகுதான், ஆனால் கல்லில் தேய்க்கும்போது கார்பன் எஃகுக்கு அருகில் வரும், சக்காய்க் கொல்லர்கள் விரும்பி அடிப்பது. ஊருக்கு எடுத்துப்போய்ச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள், வீட்டில் பலர் கை படும், எல்லோரும் துடைத்து வைக்க மாட்டார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கின்சான் வாங்குங்கள். கடல்காற்றில் ஷிரோகாமி ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்மண் நிறம்.

பிறகு ஏன் நான் ஷிரோகாமி வாங்கினேன்? தீட்டுவதற்காகத்தான். கல்லில் அது கேட்கிறபடி நடக்கும். கொஞ்சம் தேய்த்தாலே கூரின் ஓரத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அந்தப் பிசிறு சுத்தமாக விழுந்துவிடும். வீஜி10இல் பிசிறு எழுந்தாலும் சுலபத்தில் விழாது, அங்கேயும் இங்கேயும் மடங்கிக்கொண்டு கூராக இருப்பதுபோலக் காட்டி இரண்டு நாளில் மழுங்கும். புதிதாகத் தீட்டப் பழகுபவர்களுக்கு ஷிரோகாமியைவிட நல்ல வாத்தியார் இல்லை.

கத்தி அடிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கையால் செய்தது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஒருபக்கம் மட்டும் சரிவுள்ள தேபா, யானகிபா, காய் நறுக்கும் உசுபா போன்றவற்றுக்குக் கொல்லர் மெல்லிரும்பின்மேல் எஃகுத் துண்டை வைத்து உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுகிறார். சாந்தோகு மாதிரி இருபக்கச் சரிவுள்ள கத்திகளில் பலவற்றுக்கு எஃகும் இரும்பும் ஏற்கெனவே ஒட்டிய மூன்றடுக்குத் தகட்டை ஆலையிலிருந்து வாங்கி அடிக்கிறார்கள். சம்மட்டியும் பெரும்பாலும் மோட்டாரில் ஓடும் விசைச் சம்மட்டிதான். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். களிமண் பூசி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு ஏற்றி, நெருப்பின் நிறத்தை வைத்தே சூட்டைக் கணித்துத் தண்ணீரில் இறக்கும் அந்தக் கணம் இன்னும் மனிதக் கண்ணில்தான் இருக்கிறது. சூடு கொஞ்சம் கூடினால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்து அது நொறுங்கும், குறைந்தால் கடினமாகாது. நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று பட்டறையை இருட்டாக வைத்திருப்பார்கள். அதற்கு நான் பணம் கொடுக்கிறேன், சம்மட்டி எதில் ஓடுகிறது என்பதற்கு அல்ல.

இப்போது வீட்டுக்கு வருவோம். முதல் வித்தியாசம் வெங்காயத்தில் தெரியும். அழுத்தவே வேண்டாம், கத்தியை முன்னால் தள்ளினால் அதுபாட்டுக்கு இறங்குகிறது. சாம்பாருக்குப் பொடிப்பொடியாக நறுக்கி முடித்தபிறகும் பலகையில் சாறு தேங்கவில்லை, கண் எரிச்சலும் வெகுவாகக் குறைந்தது, ஏனென்றால் வெங்காயம் நசுங்கவில்லை. இஞ்சியைக் குறுக்காக நறுக்கினால் நார் இழுபடாமல் வட்டம் வட்டமாக விழுகிறது. கொத்தமல்லியை நறுக்கி வைத்தால் மாலை வரை பச்சையாகவே இருக்கிறது, மழுங்கிய கத்தியில் நறுக்கியது அரைமணியில் கறுத்துவிடும். தாமரைக்கிழங்கை வறுவலுக்குச் சீவினால் அந்தப்பக்கம் கை தெரியும் அளவுக்கு மெல்லிசாக வருகிறது. வறுவல் சுவையே மாறிவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை, ஒரே தடிமனில் இருப்பதால் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் மொறுமொறுப்பாகிறது. உருளைக்கிழங்கில் மட்டும் துண்டுகள் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன, பக்கவாட்டு வழவழப்பாக இருப்பதால். அது இந்த வகைக் கத்தியின் குணம், பழகிக்கொள்ளலாம்.

நிறம் மாறும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் சில நாட்கள் வெங்காயம் நறுக்கினால் கத்தி கறுக்கும், லேசாக இரும்பு வாடையும் வரும், நறுக்கிய கத்தரிக்காயின் ஓரம்கூடக் கறுக்கலாம். வாழைக்காய், தாமரைக்கிழங்கு மாதிரித் துவர்ப்பானவை பட்டால் கத்தி நீலமும் கறுப்புமாகும், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி நிறம் வருவது இயல்பு. இது துரு இல்லை. சாம்பல்நீலமாக ஒரு படலம் கத்தி முழுக்கப் படிந்துவிட்டால் வாடை நின்றுவிடும், துருவும் அவ்வளவு சுலபத்தில் ஏறாது. சிலர் சூடான வினிகரில் முக்கி அந்தப் படலத்தை வேகமாக வரவழைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, காய் நறுக்க நறுக்கத் தானாக வருகிற நிறம்தான் அழகு. ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வந்தால் மட்டும் துரு, உடனே தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

எலுமிச்சை, மாங்காய், தக்காளி, புளி பட்டதும் துடைத்துவிடுங்கள். சமையல் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பலகைக்குப் பக்கத்திலேயே பிழிந்த ஈரத்துணி ஒன்றை மடித்து வைத்துக்கொண்டால் போதும், ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் நடுவில் ஒரு இழுப்பு. முடிந்ததும் கழுவி, வெந்நீர் ஓடவிட்டுத் துடைத்து, பிடியும் காயும்படி வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் போகவே கூடாது. ஊருக்குப் போவதென்றால் ஒரு துளி கமேலியா எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றிவையுங்கள். நல்லெண்ணெய் தடவாதீர்கள், காய்ந்து பிசுக்காகிவிடும்.

இதில் செய்யக்கூடாதவை உண்டு, அதுவும் நம் சமையலுக்கு ரொம்பவே பொருந்தும். தேங்காய் கூடாது. கோழி எலும்பு கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் கூடாது. பலகையில் நறுக்கியதைக் கூரால் வழித்து ஒதுக்காதீர்கள், கத்தியைத் திருப்பி முதுகால் ஒதுக்குங்கள். ஜப்பானியப் பூசணி கபோச்சா இருக்கிறதே, தோல் மரம் மாதிரி, அதில் கத்தியை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் திருகினால் கூரில் பல் விழும். கடைக்காரர் என்னிடம் ஒரே ஒரு காயின் பெயரைச் சொல்லித்தான் எச்சரித்தார், அது இந்தக் கபோச்சா. இந்த எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60க்கு மேல், நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் துருப்பிடிக்காத கத்திகள் 56ஐ ஒட்டி இருக்கும். அவை அடிபட்டால் மடங்கும், இது சிதறும். அதனால் வீட்டில் இருக்கும் பழைய தடித்த கத்தியைத் தூக்கிப்போடாமல் இந்த முரட்டு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகை மரமாக இருக்கட்டும், கண்ணாடியும் கிரானைட்டும் கூரைத் தின்றுவிடும்.

தீட்டுவது பற்றி. 1000 எண் கல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்), முடிந்தால் மறுபக்கம் 6000 இருக்கும் இரட்டைக் கல். கிங், நனிவா, ஷாப்டன் என்று மூன்று நல்ல பெயர்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கிங் மாதிரிக் கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, குமிழி வருவது நின்றதும் எடுங்கள். முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு பத்து யென் நாணயம் நுழையும் உயரம், அதை மாற்றாமல் தேய்க்க வேண்டும். மறுபக்கம் விரலால் தடவினால் அடியிலிருந்து முனை வரை மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், எங்காவது தட்டுப்படவில்லை என்றால் அங்கே இன்னும் கூர் வரவில்லை. பிறகு மறுபக்கம். கடைசியில் நுண்கல்லில் லேசாக, செய்தித்தாளில் நாலு இழுப்பு, முடிந்தது. கல்லில் எழும் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுதான் வேலை செய்கிறது. கல் நடுவில் குழிந்தால் கத்தியும் வளையும், அதனால் கல்லையும் அவ்வப்போது சமப்படுத்த வேண்டும். இதைத் தவிர வேறு எதையும் இந்தக் கத்தியில் படவிடாதீர்கள். இழுத்தால் கூராகும் சின்னச் சக்கரச் சாதனம், வேண்டாம். ஊரில் தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடமும் கொடுக்க வேண்டாம், அவர் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் நன்றாகச் செய்வார், ஆனால் காய்ந்த சக்கரத்தில் பொறி பறந்தால் மெல்லிய கூரில் சூடேறித் தோய்ச்சலே போய்விடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். முதுகின் ஓரங்கள் வழிக்கப்படாமல் கூர்மையாகவே வந்தன, ஆள்காட்டி விரலை முதுகில் வைத்து நறுக்குபவர்களுக்கு அந்த இடத்தில் தோல் காய்த்துவிடும். இந்த விலைக்கு அதை வழித்துக் கொடுத்திருக்க வேண்டும், நான் மணல்தாள் போட்டு வழித்தேன். பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் சக்காய்ப் பாணியில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதில் வெங்காயத்துண்டு போய் மாட்டிக்கொள்ளும், கழுவும்போது அங்கே கவனம் வேண்டும். ஹோ மரம் மெழுகு பூசாமல் வந்தது, மஞ்சள் கை பட்டதும் பிடி மஞ்சளாகிவிட்டது, அது இனிப் போகாது. மழைக்காலத்தில் பிடிக்குள் நுழையும் இடத்தில் துரு எட்டிப்பார்க்கிறது. முனை ரொம்ப மெல்லிசு, சிங்க்கில் தட்டினால் அவ்வளவுதான். பெட்டி சாதாரண அட்டைப்பெட்டி, பரிசாகக் கொடுப்பவர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் எதுவும் வெட்டும் வேலையைப் பாதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் மீன், கறி சேர்க்காதவர்கள் எருமைக் கொம்பு என்றதும் தயங்கலாம். மரப் பூணோ பிளாஸ்டிக் பூணோ போட்டுத் தரச் சொன்னால் தருவார்கள், பிளாஸ்டிக் என்றால் விலையும் குறையும். இந்தப் பிடிகள் அடித்து நுழைத்தவைதான், பின்னாளிலும் மாற்றலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சாந்தோகுவைவிட நாகிரி நல்லது, செவ்வகமாக, கூர் நேராக ஓடும், முட்டைக்கோசைப் பொரியலுக்கு நறுக்க அதற்கு இணையில்லை. முனை இல்லாததால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொஞ்சம் நிம்மதியும் கூட.

ஒருபக்கச் சரிவுக் கத்திகளை முதல் கத்தியாக வாங்காதீர்கள். யானகிபா பார்க்க வாள் மாதிரி இருக்கும், ஆசையாக இருக்கும், ஆனால் அது பச்சை மீனை ஒரே இழுப்பில் சீவுவதற்கு. அதில் உருளைக்கிழங்கை நறுக்கினால் கத்தி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இடதுகைக்காரர்களுக்கு இன்னும் சிக்கல், சரிவு எதிர்ப்பக்கம் வேண்டும், தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், விலையும் கூடும். ஆங்கில டி எழுத்து வடிவில் வரும் பிடியும் வலதுகைக்கென்றே செய்தது, எண்கோணம் கேளுங்கள்.

இவ்வளவு பராமரிப்பு ஆகாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீகாத்தாவில் செய்யும் தோஜிரோவின் வீஜி10 கத்தியைப் பாதி விலையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவே பெரும்பாலான வீட்டுக் கத்திகளை ஓரங்கட்டிவிடும். சக்காய் வரை வர முடியாதவர்களுக்கு ஒசாகா நம்பா பக்கம் தோகுயாசுஜி தெரு, டோக்கியோவில் ஊயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் கப்பாபாஷி தெரு, கியோட்டோ நிஷிகி சந்தையில், 1560இல் தொடங்கிய அரித்சுகு என்ற கத்திக்கடை. எங்கே போனாலும் பார்க்க வேண்டியது அதே அடிமூலைதான்.

சுற்றுலா வருபவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப்போங்கள், 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரி கிடையாது. 2026 நவம்பரிலிருந்து முதலில் வரியோடு கட்டி, விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை வருகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியைக் காரணமில்லாமல் கையில் கொண்டுபோவது குற்றம், அதனால் கடையில் கட்டிக் கொடுத்ததைப் பிரிக்காமல் நேராகத் தங்குமிடம் கொண்டுபோங்கள், ரசீதும் கூடவே இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடுவார்கள், பதிவுசெய்யும் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பல கடைகளில் உங்கள் பெயரை உளியால் பொறித்துத் தருவார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் பெயர் ஏறிய கத்தியைத் திருப்பி வாங்க மாட்டார்கள், அதனால் முதுகு நேராக இருக்கிறதா, அடிமூலை மெல்லிசாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பொறிக்கக் கொடுங்கள்.